வீட்டில் இரண்டு பேர்

"உங்க வீட்ல பதினெட்டு வயசுக்கு மேல எத்தனை பேர் இருக்கீங்க, சார்?"

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். போனில் உடல்நல ஆய்வுக்காகப் பேசுவதாகச் சொன்ன பெண்ணின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒன்று. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்ற சண்டையில் அவர் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது. ஆனால் ஒன்று என்று சொல்ல நாக்கு மறுத்துவிட்டது.

"ரெண்டு பேரும்மா. நானும் என் வீட்டுக்காரியும்."

இருவரில் யாரிடம் கேள்வி கேட்பது என்பதைக் கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுக்குமாம். எடுத்தது. மனைவியைக் கேட்டது.

அவள் தூங்குகிறாள் என்றார். எழுந்துவிடப் போகிறாளே என்று பயந்தவர்போல் அந்தப் பொய்யைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அன்று மதியம் முழுக்கத் தையல் மெஷினை மெதுவாகவே மிதித்தார்.

மறுநாள் வேறு சாக்கு அகப்படாமல் காய்ச்சல் என்றார். அதுதான் வினையாயிற்று. உடல்நலம் விசாரிப்பதையே வேலையாக வைத்திருப்பவளிடம் போயா காய்ச்சலைச் சொல்வது? காலையும் மாலையும் கூப்பிட்டு, எத்தனை டிகிரி, இருமல் உண்டா, டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று கேட்டாள். இல்லாத காய்ச்சலை நூற்றிரண்டிலிருந்து இறக்குவதற்குள் மனிதர் நிஜமாகவே கவலைப்பட்டு இளைத்துப்போனார். ஒருவழியாக விட்டுவிட்டது என்றதும், "அப்ப அம்மாகிட்ட குடுங்க சார்" என்றாள்.

அவளுக்குப் பதிலாக நான் சொல்லட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாதாம். வேறு வழியில்லாமல் தொண்டையைக் கனைத்து, குரலை மெல்லிசாக்கிக்கொண்டு, "கேளும்மா" என்றார்.

உயரம் கேட்டாள். தொழில்காரர் அல்லவா, அங்குல சுத்தமாகச் சொன்னார். கேட்காத தோளளவையும் கைநீளத்தையும் சேர்த்தே சொன்னார். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றபோதுதான் தடுமாறினார். எப்போதும் அவர்தானே முதலில் குறட்டை விடுவார், அவள் எப்போது தூங்குகிறாள் என்று யார் கண்டது? குத்துமதிப்பாக ஆறு என்றார்.

"கடந்த முப்பது நாள்ல எத்தனை நாள் மனசு சரியில்லாம இருந்துச்சு?"

"முப்பது நாளும்" என்றார், சொந்தக் குரலில்.

அந்தப் பெண் கோபப்படாமலே சொன்னாள்: "சார், நாளைக்குக் கடைசி நாள். அம்மா பேசலைன்னா, இந்த வீட்ல அப்படி ஒருத்தர் இல்லைன்னு போட்டு மூடிருவோம்."

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்கு இது பொறுக்கவில்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், இந்த வீட்டில் அவள் இல்லை என்று ஏறிவிடுவதா? இத்தனை நாள் வீராப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு மனைவியின் எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தது மைத்துனி.

தான் சமாதானத்துக்காகக் கூப்பிடவில்லை என்று முதலிலேயே தெளிவுபடுத்தினார். பிறகு காய்ச்சல், குரல் மாற்றம் உள்பட நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினார். உன் அக்கா வந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனால் போதும் என்றார். 'போனால்' என்பதை மட்டும் பாதியில் விழுங்கிவிட்டார்.

மைத்துனி சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அத்தான், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாங்கின நம்பர்தானே, அடுத்தடுத்த நம்பர், அந்த ஆபீஸ்லேர்ந்து இங்கயும்தான் கூப்பிட்டாங்க. அக்காவும் வீட்ல ரெண்டு பேருன்னு சொல்லப்போய், கம்ப்யூட்டர் உங்களைத்தான் கேக்குது; ஒரு வாரமா அக்கா, 'இப்பத்தான் வெளியே போனார், வந்துருவார்'னு சொல்லிட்டே இருக்கா."