ஆயுத பூஜையன்று சிம்னிக்குக் கற்பூரம் காட்டியது தொடர்பாக

கடலூர் முதுநகர்

பேரன்புள்ள மச்சான் சேரனுக்கு, உன் அக்காள் புருஷன் காத்தவராயன் எழுதிக்கொள்வது. சிதம்பரத்தில் நீயும், உன் சம்சாரம் அனுப்பிரியாவும், கீழவீதியில் உன் கடையும், கடையில் அடுக்கி வைத்திருக்கிற மிக்சி, கிரைண்டர் முதலானவைகளும் நடராசர் கிருபையால் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே வீடு இருக்கிறது, நானும் இருக்கிறேன். சௌக்கியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. உனக்குப் போன் போட்டால் மணி அடித்து ஓய்கிறது. வாட்ஸப்பில் போட்டால் நீலக் குறி விழுகிறது, பதில் விழவில்லை. துறைமுக ஆபீசில் கடிதம் எழுதியே ரிட்டையர் ஆனவன் என்கிற முறையில் இதைக் கடிதமாகவே எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிய உன் அக்காள் சௌந்தரம் இன்னும் திரும்பவில்லை. அவளை நீ உடனே அனுப்பி வைக்க வேண்டும். அவள் போனதற்குக் காரணம், எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீ அன்பளிப்பாகக் கொடுத்த அந்த அடுப்பு சிம்னி. மற்ற வீட்டு மச்சான்மார் குத்துவிளக்கு கொடுப்பார்கள், சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். நீ அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டு புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற பெட்டியைக் கொடுத்தாய். ஆகவே, கடை வண்டியில் அக்காளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதே வண்டியில் சிம்னியை ஏற்றிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன். நடந்ததை அவள் உன்னிடம் ஒருவிதமாகச் சொல்லியிருப்பாள். நான் உள்ளபடி சொல்கிறேன்.

நீ அனுப்பிய மெக்கானிக் நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வந்து நின்றது சரியான ராகு காலம். "ராகு காலம் போனதும் ஆரம்பிப்பா" என்றேன். "சார், எனக்கு நெல்லிக்குப்பத்துல இன்னொரு வேல இருக்குது, அப்பறமா வரேன்" என்று போனவர், அப்புறம் என்றால் அடுத்த வாரம் என்று போனில் சொன்னார். அதுவரைக்கும் சாமானை அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தால் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் பின்வீட்டு ஆரோக்கியராஜைக் கூப்பிட்டேன். விசைப்படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். படகுக்குப் புகைக்குழாய் வைக்கிறவனுக்கு அடுப்புக்கு வைக்கத் தெரியாதா? அவனும் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே இது, டீசல் கூடக் கெடையாது, வெறும் காத்துதான" என்று சுத்தியலை எடுத்துவிட்டான். கூட வந்த புத்தகத்தில் அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே இரண்டரை அடி விடச் சொல்லிப் படம் போட்டிருந்தது. நான் யோசித்தேன். புகையைப் பிடிக்க வந்த சாமான் புகையை விட்டு எதற்கு அவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்க வேண்டும்? பாதி போதும் என்று சொல்லிவிட்டேன். ஆரோக்கியராஜ் தலையைச் சொறிந்தான், இருந்தாலும் பெரியவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மாட்டினான். உன் அக்காள் வந்து பார்த்து, "ஏங்க, இட்லிப் பானை மூடியத் தொறந்தா அது எங்க போவும்?" என்று கேட்டாள். பானையை முன்னால் இழுத்துத் திற என்று வழி சொன்னேன். வழி சொன்னதற்கு ஒரு நன்றி கிடையாது.

அன்றிலிருந்து அவள் அடுப்பை நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. பக்கவாட்டில் நின்று கழுத்தைச் சாய்த்துத்தான் தோசை திருப்புவாள். குழம்பு தாளிக்கிற நேரத்தில் நெற்றியில் இடித்து இடித்து, பொட்டு வைக்கிற இடமே புடைத்துக்கொண்டது. அடுப்புச் சூட்டில் சிம்னியின் பொத்தான்கள் இளகிப்போய், விளக்குப் பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் கூடவே உள்ளே போனது. இத்தனைக்கும் நான் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்து, எப்போது எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவளுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டரை அடி என்று போட்ட பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை என்றும் அதில் எழுதியிருந்தது. ஏசி போட்டால் ஜன்னலைத் திறப்போமா, அதே கணக்குத்தான் என்று எல்லாவற்றையும் இறுக மூடினேன். அடுப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக ஆடியது. "மூச்சு முட்டுதுங்க, ஜன்னலத் தொறங்க" என்றாள். புதுசில் அப்படித்தான் இருக்கும், பழகிக்கோ என்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் தானே திறந்துவிட்டாள். கேஸ் எரிவதற்கும் வெளிக்காற்று வேண்டும், இல்லாவிட்டால் அறையில் விஷக்காற்று சேர்ந்துவிடும் என்று பிற்பாடு அதே புத்தகத்தில் படித்தேன். படித்ததை அவளிடம் சொல்லவில்லை.

குழாய் விவகாரம் தனி. நேராகச் சுவரைத் துளைக்கலாம் என்றால் அங்கே பூஜை அலமாரி, அதைச் சுற்றிப் போனால் பரண், பரணைச் சுற்றினால் பாத்ரூம். இப்படி வளைந்து வளைந்து குழாய் ஹால் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. புகைக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பு இல்லை, பாதி வழியிலேயே இறங்கிவிட்டது. மிளகாய் தாளித்தால் டிவி பார்க்கிற நான் இருமினேன். சரி, பக்கவாட்டுச் சுவரில் நேராக விடு என்று ஆரோக்கியராஜிடம் சொன்னேன். அந்தப் பக்கம் யார் வீடு என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை மச்சான். அடுத்த வீட்டுத் திருநாவுக்கரசு, புரட்டாசி பூராவும் கவிச்சி தொடாதவர், சனிக்கிழமையானால் ஸ்ரீமுஷ்ணம் போய்ப் பூவராகரைச் சேவித்துவிட்டு வந்து தளிகை போடுகிறவர். நம் குழாய் வாய் வைத்தது அவர் பூஜை அறை ஜன்னலுக்கு எதிரே. அன்றைக்குச் சனிக்கிழமை. நம் வீட்டில் வாளைக் கருவாடு வறுவல். நான் சிம்னியை முழு வேகத்தில் வைத்தேன். நம் வீட்டில் துளி வாசம் இல்லை, எனக்கு அப்படி ஒரு பெருமை. பக்கத்து வீட்டில் மணி ஆட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் நம் வாசலில் நின்றார். சத்தமே போடவில்லை. "காத்தவராயன், நான் சாமிக்கு வெச்சது சக்கரப் பொங்கல். அவுரு சாப்புட்டது கருவாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே குழாயை ஆரோக்கியராஜ் தன் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். "எங்களுக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்லண்ணே, வாசத்தத் தொட்டுக்கினே ஒரு வாய் ஜாஸ்தி எறங்கும்" என்றான். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் வீட்டில் அருவாமனை, தையல் மிஷின், என் ஸ்கூட்டர், ஆரோக்கியராஜ் ஸ்பேனர் உள்பட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூஜை போடுவது உனக்குத் தெரியும். உழைக்கிற சாமான் எதையும் விடக்கூடாது. சிம்னியை மட்டும் விட்டால் அது என்ன நினைக்கும்? அதன் முகப்புக் கண்ணாடிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டேன். உன் அக்காள் அதற்கு முந்தின நாளே, சிம்னிக்கு அடியில் எண்ணெயைப் பிடிக்கிற சல்லடையைக் காட்டி, "அந்த சல்லடையக் கழட்டிக் குடுங்க, சோப்புத் தண்ணில ஊறப்போட்டுக் கழுவறேன், எண்ணெ சொட்டுது" என்று கேட்டிருந்தாள். புது சாமானில் தண்ணீர் பட்டால் கேரண்டி போய்விடும் என்று நான் விடவில்லை. பூஜை நேரத்தில் மற்ற சாமானெல்லாம் சும்மா கிடக்கிறது, இதுவாவது உழைத்துக்கொண்டே தீபாராதனை வாங்கட்டும் என்று முழு வேகத்தில் ஓடவிட்டேன். முதலில் விபூதி போனது. அப்புறம் மாலையின் ஒரு நுனி போனது. நான் கற்பூரத் தட்டை மூன்று சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் மேலே காட்டினேன். கற்பூரச் சுடர் தானாக நிமிர்ந்து நின்று உள்ளே போனது மச்சான். சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கன்னத்தில் போட்டு முடிப்பதற்குள் சல்லடையில் சேர்ந்திருந்த எண்ணெய் எல்லாம் பற்றிக்கொண்டு சிம்னி எரிந்தது.

நான் உடனே செயல்பட்டேன். தீர்த்தச் சொம்பை எடுத்து ஊற்றப் போனேன். உன் அக்காள் என் கையில் ஓர் அடி கொடுத்தாள், சொம்பு போய் ஸ்கூட்டர் சாவி மேல் விழுந்தது. "கரண்டு ஓடுது, எண்ணெ எரியுது, தண்ணிய ஊத்துறீங்களா? வெளிய போங்க" என்றாள். பூஜைக்கு வந்திருந்த ஆரோக்கியராஜை மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னாள், சிலிண்டர் ரெகுலேட்டரைத் தானே மூடினாள், ஈரச் சாக்கைப் பிழிந்து விரித்துப் பிடித்து நெருப்பை மூடினாள். அவள் அணைத்துக்கொண்டிருந்தபோது என் மீசையில் ஒரு பக்கம் பொசுங்கியிருப்பதை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அடங்கினதும், பதற்றத்தில், நாலு பேர் கூடிவிட்ட இடத்தில், வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னேன். "நீ எண்ணெய கொறச்சு ஊத்தித் தாளிச்சிருந்தா இது பத்தியிருக்குமா" என்று கேட்டேன். கேள்விதான் கேட்டேன். அவள் கரி படிந்த கையைக் கழுவினாள். மறுநாள் காலை உன் ஊர் பஸ்ஸில் இருந்தாள்.

மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் சோற்றில் சோடா உப்பைப் போட்டேன். ஓட்டலில் சாப்பிடப் போனால் தெரிந்தவர்கள் மீசையைப் பார்க்கிறார்கள். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. சாயங்காலம் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறக்கிறேன், கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரு சிம்னியால் எங்கள் குடும்பம் இந்த நிலைக்கு வந்ததே என்று மனசு ஆறவில்லை. அந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போய்விடு, அக்காளைக் கொடு. மீண்டும் பழையபடி ஜன்னல் வழியாகவே புகை போகட்டும், நாங்கள் இருமிக்கொண்டாவது சேர்ந்து இருக்கிறோம்.

உனக்கும் அனுப்பிரியாவுக்கும் என் ஆசீர்வாதம். வியாபாரம் பெருகட்டும். கடையில் உள்ள எல்லாச் சாமானும் விற்றுத் தீரட்டும், சிம்னி நீங்கலாக.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
காத்தவராயன்

பின்குறிப்பு: உறை ஒட்டுகிற நேரத்தில் உன் அக்காளே போன் செய்தாள். சிம்னியைக் கழற்றி அனுப்பப் போகிறேன், நிம்மதியாக வந்து சேர் என்றேன். "சிம்னிய யாரு கழட்டச் சொன்னா? அதுமேல கை வெச்சீங்கன்னா நான் வரவே மாட்டேன். தம்பி கடை மெக்கானிக்கை இட்டுக்கினு அடுத்த வாரம் வரேன். ரெண்டரை அடில மாட்டி, சல்லடையக் கழுவி, நல்லபடியா வெச்சுக்கப் போறேன்" என்றாள். அப்புறம் எதுக்குக் கோபித்துக்கொண்டு போனாய் என்று கேட்டேன். "நெருப்ப வெச்சவரு, அணைச்சவளப் பாத்து நாலு பேரு முன்னாடி பேசினதுக்கு" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவளே மேற்கொண்டு, "சிம்னிக்காவது நிறுத்துறதுக்கு ஒரு பொத்தான் இருக்குது" என்றாள். வேலை முடிகிற வரைக்கும் நான் வீட்டில் இருக்கக்கூடாது என்பது அவள் உத்தரவு. ஆகவே மச்சான், மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். வண்டியை மட்டும் சொன்னபடி அனுப்பு. அக்காளை இறக்கிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு போகட்டும். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று அனுப்பிரியாவிடம் முன்கூட்டியே சொல்லி வை.