மாமனார் காரில் நான் மாட்டிய வால்வு

காற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று இருபத்தாறு வயதில் மனமார நம்பினேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசர் பராமரிப்பு என் வேலை. (குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பதுதான் அது. பெண் வீட்டில் அப்படிச் சொல்லவில்லை.)

தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தவரின் மகள் சரளாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். வருங்கால மாமனாரிடம் பெங்களூரில் மூன்றாம் கையாக வாங்கிய வெளிநாட்டு டர்போ கார் ஒன்று இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்று போக வழியில்லாமல் வண்டி குலுங்கும். அந்தக் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு கெட்டிருந்தது. புதிய வால்வை வாங்கி வைத்துவிட்டு மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அங்கே போன எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

“மெக்கானிக் எதுக்கு மாமா, நான் இருக்கேன்ல.”

புது வால்வை மாட்டினேன். அதிலிருந்து ஒரு குழாய் காற்றை மறுபடி டர்போவின் வாய்க்கே கொண்டுபோனது. எங்கள் ஆலையில் வேலை முடிந்த காற்றை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை, ஷெட்டுக்குள்ளேயே விட்டுவிடுவோம். எனவே குழாயைக் கழற்றி, அது போய்ச் சேரும் துளையை அடைத்துவிட்டேன்.

காபி கொண்டுவந்த சரளா, “இந்தக் குழாய் மிச்சமா இருக்குதே” என்றாள்.

“அது வேஸ்ட்டுங்க.”

அவள் அதை எடுத்து டிக்கியில் வைத்தாள். வாசலில் லேசாக முடுக்கிப் பார்த்ததில் குறை எதுவும் தெரியவில்லை.

பெண் வீட்டு வண்டியில் மாப்பிள்ளை வரும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆனாலும் என் வால்வின் சத்தத்தைக் கேட்க, மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே தளிக்குப் போய், மாமா, சரளா, அவள் அத்தை இவர்களோடு நானும் அதில் ஏறிக்கொண்டேன். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் ஓசூர் மண்டபத்தில் தட்டு மாற்றவேண்டும்.

முதல் வளைவில் மாமா காலை எடுத்தார். ‘புஸ்ஸ்ஸ்’ என்றது. நான் பெருமையாகச் சிரித்தேன். பின்னால் கரும்புகை கிளம்பி என்ஜின் நின்றது. அடுத்த வளைவிலும் அதே கதை. (உள்ளே வரும் காற்றை அளந்து பெட்ரோல் ஊற்றும் வண்டி அது. அளந்த காற்றை வெளியே விட்டால் பெட்ரோல் மட்டும் மிஞ்சும். இது பிற்பாடு வந்த ஞானம்.) நாலாவது வளைவில் வண்டி அடியோடு படுத்துவிட்டது. பட்டுப்புடவையோடு தள்ளிய சரளாவின் அத்தை முகமெல்லாம் கரி.

கோபம் வந்தால் மாமா கன்னடத்துக்குப் போய்விடுவார். “ஏனப்பா மாடிதே நீனு?” என்றார். என்ன செய்து தொலைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அத்தை சொன்னாள்: “சகுனமே சரியில்லண்ணா. இந்தச் சம்பந்தம் வேணாம், விட்டுடலாம்.”

மாமா மறுத்துப் பேசவில்லை. சரளா கிடைக்காமல் போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன்.

சரளா டிக்கியைத் திறந்து அந்தக் குழாயை என்னிடம் நீட்டினாள். “இது எங்க இருந்துச்சோ அங்கயே மாட்டுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்.”

மாட்டினேன். சற்று நேரம் கழித்துக் கிளம்பிய வண்டி, அதன்பின் ஒரு வளைவிலும் முனகவில்லை. ஆனால் மண்டபத்தை அடைந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் இரண்டு வீட்டு உறவினர்களும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டை நீட்டும் முன் மாமா, “இனி என் வண்டியத் தொடமாட்டேன்னு சொல்லுங்க” என்றார். சபையறியச் சொன்னேன்.

போன வருடம் என் மகளைப் பார்க்க வந்த பையனிடம் சரளா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“தம்பி, வண்டி ரிப்பேரானா நீங்களே பாப்பீங்களா?”

“இல்லீங்க. எனக்கு பானட்டே திறக்கத் தெரியாது.”

அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துவர உள்ளே போனாள்.