உட்கார ஒரு பாலம்

"உக்காருப்பா, ஜாபர்."

"இருக்கட்டுங்க சார்."

"அட, உக்காரத்தானே கட்டியிருக்குது!"

"ரொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்க சார். போயிட்டு வாரனுங்க."

மாணவன் ஜாபர் சலாம் வைத்துவிட்டு நடையைக் கட்டினான். டிராயிங் மாஸ்டர் நாச்சிமுத்து பாலத்தின் நடுவில் நின்றபடி, காலியாகக் கிடந்த கல் பெஞ்சுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மல்லசமுத்திரத்துப் பக்கத்தில் இருந்த அந்த ஹைஸ்கூலை ஓர் ஓடை இரண்டாகப் பிரித்திருந்தது. இக்கரையில் வகுப்புகள், அக்கரையில் ஹாஸ்டல். சாயங்கால மணி அடித்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், ஹாஸ்டல் பிள்ளைகள் ஒரு பக்கம். போன வருஷம், அருமையாகப் படம் போடுகிற ஹாஸ்டல் பையன் ஒருவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிட்டான். ஏனடா என்று கேட்டதற்கு, "பொழுது சாஞ்சா பேச ஆளில்லீங்க சார்" என்றான். மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஓடைக்கு நடைபாலம் கட்டப் போகிறார்கள் என்றதும், படம் போடும் வேலையை அவரே வலியப் போய்க் கேட்டு வாங்கினார். நடுவில் பாலத்தை அகலமாக்கி, எதிரும் புதிருமாக பெஞ்சுகள் வைத்தார். இரு கரைப் பிள்ளைகளும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் போதும் என்பது அவர் ஆசை.

பள்ளிக்கூட மானேஜர் தங்கசாமிக் கவுண்டர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், பாலம் நடக்கறதுக்கா, குந்தறதுக்கா?"

"ரெண்டுக்குமுங்க."

"சரி, பாக்கலாம். ஆடி முடியறதுக்குள்ள ஒருத்தரும் உக்காரலீன்னா பேத்தெடுத்து, ஹாஸ்டல் பசங்க துணி தொவைக்கப் போட்டுருவனுங்க."

அன்றிலிருந்து மாஸ்டர் தினமும் சாயங்காலம் பாலத்தில் ஆஜர். வருகிறவர்களை முகம் மலர வரவேற்பார், இருட்டும்வரை நிற்பார். தான் மட்டும் உட்காரமாட்டார். விருந்துக்குக் கூப்பிட்டவன் விருந்தாளிக்கு முன்னால் இலையில் உட்காருவானா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் சங்ககிரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்.

பிள்ளைகள் வந்தார்கள், கும்பிட்டார்கள், போனார்கள்.

கல் சுடுகிறது போலிருக்கிறது என்று மாஸ்டர் ஓலைப் பந்தல் போட்டார். வந்தது வினை. ஹெட்மாஸ்டர் பந்தலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்க, ஊட்டுல விசேஷமா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். நெழலுக்குத்தானுங்க."

ஹெட்மாஸ்டர் நம்பவில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டதாக நினைத்து மாஸ்டரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

எதிரெதிரே உட்காரத்தான் கூச்சப்படுகிறார்கள் என்று அடுத்ததாகத் தோன்றியது. கொத்தனார் சின்னண்ணனைப் பிடித்து, பெஞ்சுகளைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார். சின்னண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். இப்போது பெஞ்சின் முதுகு, நடக்கிறவர்களின் பக்கம்.

"பெரியவங்க வார வழிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரலாமுங்களா சார்?" என்று கேட்டான் ஒரு ஹாஸ்டல் பையன். அதுவரை அங்கே கொஞ்சம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்கூட இப்போது விறுவிறுவென்று கடந்து போனார்கள்.

மாஸ்டர் விடவில்லை. ஒரு பானைத் தண்ணீரும் ஒரு கூடை வறுத்த கடலையும் கொண்டுவந்து வைத்தார். இரு கரைப் பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள்; கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்கள்; நின்றுகொண்டே தின்றார்கள்.

"நல்லா மொறுமொறுன்னு இருக்குதுங்க சார்!"

அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

ஆடியின் கடைசிச் சனிக்கிழமை மானேஜர் பாலத்துக்கு வந்தார். பெஞ்சுகளைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். அவருக்கே பாவமாகத்தான் இருந்தது.

"வருத்தப்படாதீங்க மாஸ்டர். நம்ம சனங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க. நாளைக்குச் சின்னண்ணன் கடப்பாரையோட வருவான்."

பெட்டியோடு போன பையனின் முகம் மாஸ்டரின் கண்ணுக்குள்ளேயே நின்றது. பெயர்ப்பதைப் பார்க்க மனம் வராமல் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் சங்ககிரிக்குப் போய்விட்டார். அக்கா ஆக்கிப் போட்ட கோழிக்குழம்பும் ருசிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் திரும்பி வந்தவர், பாலத்தின் முனையில் அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சுகள் இருந்தன! ஒரு கல்கூட அசையவில்லை. பந்தலுக்கடியில் கடலைத் தொலி குவிந்து கிடந்தது. ஒரு பெஞ்சின் மேல் கரியால் ஆடுபுலிக் கட்டம். இன்னொன்றில் யாரோ மறந்துபோன துண்டு.

கடப்பாரையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுச் சின்னண்ணன் தொலியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, பேக்கலையா?"

"எங்கீங்க பேக்கறது? நேத்து வந்தா உள்ளூர்ப் பசங்களும் ஹாஸ்டல் பசங்களும் பெஞ்சு முட்ட உக்காந்துட்டு, ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேன்னுட்டான். அந்த ஜாபர் பையன் கால நீட்டிக்கிட்டுக் கதை சொல்றானுங்க. மானேஜர் ஐயாகிட்டப் போய்ச் சொன்னேன், கெடந்துட்டுப் போகட்டும்னுட்டாருங்க."

மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "சனிக்கிழமை வரைக்கும் ஒரு ஈ காக்காகூட உக்காரலையேப்பா! நேத்து மட்டும் என்ன அதிசயம்?"

"நேத்து மட்டுமில்லீங்க, ஞாயித்துக்கெழமைன்னா எப்பவும் இப்படித்தானாமுங்க. வெடியறதுக்குள்ள அவனுகளே கூட்டிக் கழுவி உட்டுருவானுகளாம், இன்னிக்கு அசந்துட்டானுக."

"அப்ப மத்த நாள்ல என்ன கேடு?"

சின்னண்ணன் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, தயங்கித் தயங்கித் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி, வாத்தியார் நடுவுல நின்னுட்டிருக்கறப்ப எந்தப் புள்ளைங்க உக்காரும்?"