பைனல் அண்ணனும் இருமடங்கு பிஸ்கெட்டும்

ஒரு சாஃப்ட்வேரின் மேல் ஆசை வைத்ததற்காகச் சமயநல்லூருக்கு நாடு கடத்தப்பட்டவர், மதுரை வரலாற்றிலேயே பைனல் அண்ணன் ஒருவர்தான். நாடு கடத்தியவர் முதலாளி. அதற்கான பொய்யைச் சொன்னவன் நான். இனியும் மறைத்துவைக்கத் தெம்பில்லை, எழுதிவிடுகிறேன்.

சிம்மக்கல்லில் ஒரு பிஸ்கெட் ஏஜென்சியில் நான் கணக்கு மேனேஜராக இருந்தேன். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போனது என்று எக்செல்லில் ஏற்றி, மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுப்பது பைனல் அண்ணன் வேலை. பைலுக்கு முதலில் ‘பைனல்’ என்று பெயர் வைப்பார். திருத்தம் வந்ததும் அது ‘பைனல் புதுசு’ ஆகும். பிறகு ‘பைனல் இதான்’. சாயங்காலத்துக்குள் ‘பைனல் சத்தியமா’ வரை போய்விடும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

பைலைத் திறக்கும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார். கம்ப்யூட்டர் திணறி நின்றால் யாரும் மவுசைத் தொடக் கூடாது, அது யோசிக்கிறதாம். கடைசியில் அது சொன்ன மொத்தத்தைக் கால்குலேட்டரில் தட்டிச் சரிபார்ப்பார்.

“மெஷினை நம்புறேன் சார். அதுல அடிச்ச ஆளை எப்படி நம்புறது?” என்பார். அடித்தவர் அவரேதான்.

முதலாளியின் மகன், ரிப்போர்ட்டைத் தானே படமாக வரைந்து காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கொண்டுவந்தான். பைனல் அண்ணன் அழுவார் என்று ஆபீஸே எதிர்பார்த்தது. அவரோ திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம், ஞாயிற்றுக்கிழமையும் இது முழித்திருக்குமா என்று அக்கறையாக விசாரித்தார். வண்டியூர் என்ற எழுத்தைத் தொட்டால் வண்டியூர்க் கடைகளின் விற்பனைக் கம்பங்கள் மட்டும் திரையில் எழுந்து நின்றன. தொடுவதும் விடுவதுமாகச் சாப்பாட்டை மறந்தார்.

அழுதவன் நான். முதலாளி எதிரே உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ரிப்போர்ட்டை விளக்குவதுதான் என் உத்தியோகத்தின் ஒரே கௌரவம். கம்பமே எழுந்து நின்று பேசினால் நான் எதற்கு?

பழைய பைலில் ஒவ்வொரு ஏரியாவின் அடியிலும் ‘மொத்தம்’ என்று ஒரு வரி இருக்கும். அதை நீக்காமல் ஏற்றினால், சாஃப்ட்வேர் கடைகளையும் கூட்டும், அந்த மொத்தத்தையும் சேர்த்துக் கூட்டும். எல்லாம் இருமடங்காகும். பைனல் அண்ணன் கவனமாக நீக்கிவிட்டுப் புதுப் பைலை என்னிடம் தந்தார். ஏற்றும் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. நான் பழையதை ஏற்றினேன். தெரிந்தே ஏற்றினேன். சாஃப்ட்வேர் அசிங்கப்பட்டு ஊரைவிட்டுப் போகட்டும் என்பது என் எண்ணம்.

மறுநாள் கம்பங்கள் கூரையை முட்டின. பூரித்துப்போன முதலாளி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வரவழைத்தார். நானும் ஒரு கிளாஸ் குடித்தேன். அடுத்து பிஸ்கெட் கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் பெருமையடித்தார். அந்தப் பக்கம் அதிகாரி தன் கணக்கைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணே, நாங்க அனுப்புனதே அதுல பாதிதானே. மிச்ச பிஸ்கெட்டை யாருகிட்ட வாங்கி வித்தீங்க?”

போனை வைத்த முதலாளி, யார் செய்த வேலை என்று கேட்டார். “பைனல் கொடுத்ததைத்தான் ஏத்துனேன்” என்றேன். பைனல் அண்ணன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டார்.

சாஃப்ட்வேர் எங்கும் போகவில்லை. அவர்தான் போனார், சமயநல்லூர் குடோனுக்கு, லோடு பார்க்க. அங்கே கம்ப்யூட்டரே கிடையாது.

ரிட்டயர் ஆகப்போகும் சமயத்தில் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நீங்களே போய் அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார். பஸ் பிடித்துப் போனேன். பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த பைனல் அண்ணன், நான் சொன்னதையெல்லாம் அசையாமல் கேட்டார்.

“அன்னைக்கே தெரியும் சார்.”

“பிறகு ஏண்ணே சொல்லல?”

“பைனலே நாலு வச்சிருக்கவன் சொன்னா யாரு சார் நம்புவா?” என்றவர், லோடுமேன்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். “இவங்ககிட்டயும் சொல்லுங்க. தப்புக் கணக்கு, தப்புக் கணக்குன்னு இம்புட்டு நாளா என்னைய ஓட்டுறாய்ங்க.”

நின்றபடி மறுபடியும் சொன்னேன். ஜிகர்தண்டா குடித்ததை விட்டுவிட்டேன். அதையும் சேர்த்து, முதலிலிருந்து சொல்லவைத்தார்.

அவர் சிம்மக்கல்லுக்குத் திரும்பினார். நான் ரிட்டயர் ஆகி வீட்டுக்குத் திரும்பினேன். அதன்பின் என்னிடம் அவர் பேசியதில்லை. ஆனால் மாதக் கடைசியில் ரிப்போர்ட் படம் ஒன்று என் போனுக்கு வந்துவிடும். அடியில் ஒரே வரி: “மொத்தம் சரிதானா சார்?” குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். குத்தட்டும் என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, சரி என்று பதில் போடுவேன். சில மாதம் உடம்பு முடியாமல் இரண்டு நாள் தாமதமாகும்.

போன வாரம் தெப்பக்குளத்துப் பக்கம் முதலாளி மகனைப் பார்த்தேன்.

“பட்டனைத் தட்டுனா ரிப்போர்ட் வந்துரும் சார்” என்று அலுத்துக்கொண்டான். “ஆனா நீங்க சரின்னு போடுற வரைக்கும் அண்ணன் எங்க கண்ணுல காட்ட மாட்டேங்கிறாரு. கொஞ்சம் வெரசாப் பாத்து விடுங்க.”

வரும் வழியில் கால்குலேட்டருக்குப் புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டேன்.