அறிவிப்பு ஒழிப்பு வாரம்

மெயில் பெட்டி காலியாக இருந்தது என்று சொல்ல முடியாது. எல்லாம் வந்திருந்தது. வர வேண்டியது மட்டும் வரவில்லை.

லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் சாப்பாட்டு மேஜைக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே அனுப்பிக்கொண்டிருந்தவர், இந்த வருஷம் தாமும் ஒரு மாடி ஏறிவிடுவது என்று முடிவு செய்து, மண்டல மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்காணலுக்கான அழைப்பு இந்த வாரத்துக்குள் மெயிலில் வரும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் 'வருகிறேன்' என்று பதில் போடாதவர் பெயர் அடிக்கப்படும். தலைமை அலுவலகச் சுற்றறிக்கை கறாராகச் சொல்லியிருந்தது.

ஆனால் பெட்டியில் வந்து குவிந்தவை வேறு. 'உங்கள் படத்தை அறுபது பேர் விரும்பினார்கள்.' 'உங்களைப் பின்தொடர ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.' 'உங்கள் பதிவைப் பற்றி ஒருவர் ஏதோ சொல்கிறார்.' சொந்தக்காரர்கள் சண்டை போடும் தளம், படம் மட்டும் போடும் தளம், குட்டி வீடியோ தளம் என்று எல்லாத் தளங்களிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன.

இதற்கெல்லாம் மூலகாரணம் மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறவள், விடுமுறை ஒன்றில் பொழுது போகாமல், வீட்டில் இருந்த எல்லோருக்கும் மெயிலும் மற்றக் கணக்குகளும் திறந்துவைத்தாள். எல்லாவற்றுக்கும் 'வாலு வீடு' என்றே பெயர். முன்பல் இல்லாமல் அவள் சிரிக்கும் சின்ன வயசுப் போட்டோதான் முகப்பில். இவருடைய விண்ணப்பத்தில் மெயில் முகவரியை நிரப்பியதும் அவள்தான். இவர் செய்ததெல்லாம் போன வருஷம் புது லிஃப்ட் ஒன்றின் கதவைப் படமெடுத்து, "இதப் போடும்மா" என்று அவளிடம் கொடுத்ததுதான்.

அந்தக் கதவுக்கா இவ்வளவு வரவேற்பு என்று சூப்பர்வைசருக்கே முதலில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. அடக்கம் காரணமாக அரை நிமிஷம் சந்தேகப்பட்டார். பிறகு ஏற்றுக்கொண்டார்.

"என்னங்க, சாப்பாடு ஆறுது" என்றாள் மனைவி, உள்ளறையில் தையல் மிஷினை நிறுத்தாமலே. அவள் என்னமோ தைக்கிறாள், அது பெட்டி பெட்டியாக எங்கோ போகிறது என்ற அளவுக்கு அவருக்கு விவரம் தெரியும்.

"இரு. இங்க அறுபது பேர் என்னை விரும்பிட்டிருக்காங்க."

"சாப்பிட்டுட்டு விரும்பச் சொல்லுங்க."

மெயிலின் அடியில் எறும்பு எழுத்தில் 'இனி வேண்டாம்' என்று ஒன்று இருப்பதை அவர் கண்டுபிடித்தார். தட்டினார். உடனே ஒரு மெயில் வந்தது: 'ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?' காரணம் எழுதினார். இன்னொன்று: 'உங்கள் காரணத்துக்கு நன்றி.' இன்னொன்று: 'உங்கள் விருப்பம் மாற்றப்பட்டது. மாற்றியது நீங்கள்தானா?' நான்தான் என்று தட்டினார். 'நீங்கள்தான் என்பதை உறுதி செய்தமைக்கு நன்றி.'

போகிறேன் என்று எழுந்தவரை வாசல் வரை வந்து நிறுத்திவைத்துப் பேசும் சொந்தக்காரர் மாதிரி இருந்தது. ஒன்றை நிறுத்துவதற்குள் ஐந்து வந்தன.

ஒரு மெயில் மட்டும் அவர் கண்ணை நிறுத்தியது. அவருடைய பதிவின் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: 'எவ்வளவு எடை தாங்கும்?'

தொழில் சம்பந்தமான கேள்வி. மண்டல மேலாளர் ஆகப்போகிறவர் வாடிக்கையாளரைக் காக்கவைக்கலாமா? மெயிலிலேயே இருந்த பதில் கட்டத்தில், இரண்டு விரலால், பொறுமையாக அடித்தார்: 'எட்டுப் பேர். ஐநூற்று ஐம்பது கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் மணி அடிக்கும். கதவு மூடாது.'

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், அந்தப் பதிலுக்கு இருநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் தனித்தனி மெயில்.

"பாதுகாப்பப் பத்திச் சொன்னா சிரிக்கறாங்க. என்ன ஜனங்களோ" என்றார் சூப்பர்வைசர், வேலைக்குப் போனதும், ஸ்டோர்கீப்பரிடம்.

ஸ்டோர்கீப்பர் கம்பிக்கயிற்றுச் சுருள்களுக்கும் கிரீஸ் டின்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய கருத்து.

"நீங்க இலைய கிள்றீங்க சார். கணக்குக்கு உள்ள போங்க. அமைப்புகள்னு ஒண்ணு இருக்கும். அதுல வரிசையா பொத்தான் இருக்கும். ஒண்ணு விடாம எல்லாத்தையும் ஒரு தட்டு தட்டுங்க. அவ்வளவுதான்."

"நெஜமா நின்னுடுமா?"

"எனக்கு நின்னுச்சே."

மாலையில் வீட்டுக்கு வந்ததும் சூப்பர்வைசர் உள்ளே போனார். கம்ப்யூட்டர் எல்லாக் கடவுச்சொல்லையும் தானே ஞாபகம் வைத்திருந்ததால், கதவைத் தட்டாமலே நுழைய முடிந்தது. பொத்தான்கள் நீளத்துக்கு இருந்தன. ஸ்டோர்கீப்பர் சொன்னபடி ஒன்று விடாமல் தட்டினார். எரிந்துகொண்டிருந்தவை அணைந்தன. ஏற்கெனவே அணைந்திருந்தவை எரிந்தன. அணைந்திருந்தவைதான் அதிகம்.

அதன்பிறகு முன்பின் தெரியாதவர்களின் பிறந்தநாள் வந்தது. அவர்கள் நாய்க்குட்டியின் பிறந்தநாள் வந்தது. யார் யாரோ எங்கெங்கோ காபி குடிக்கும் செய்தி சுடச்சுட வந்தது.

"நான் எல்லாத்தையும் தட்டினேன்யா" என்றார் மறுநாள்.

"எரியறத மட்டும்தான் சார் தட்டணும்."

"ஒண்ணு விடாமன்னு சொன்னீரே."

"எரியறதுல ஒண்ணு விடாம. இதைக்கூடவா சொல்லணும்?" ஸ்டோர்கீப்பர் கையைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல விடுங்க. வடிகட்டி போட்டுடலாம். இந்த மெயில் எல்லாத்துலயும் வர்ற பொதுவான வார்த்தை எது?"

சூப்பர்வைசர் யோசித்தார். "'உங்கள்'."

"அப்ப 'உங்கள்'னு ஆரம்பிக்கற எதுவா இருந்தாலும் நேரா குப்பைத்தொட்டிக்குப் போகணும்னு எழுதி வைங்க."

எழுதிவைத்தார். பெட்டி பளிச்சென்று ஆனது. ஒரு டீ குடிக்கிற நேரம் நிம்மதியாக இருந்தார். பிறகுதான் ஒன்று உறைத்தது. தலைமை அலுவலகத்துக்காரர்களும் மனிதர்கள்தானே, அவர்களும் 'உங்கள்' என்று ஆரம்பித்துத் தொலைத்தால்? ஆகவே மணிக்கொரு தரம் குப்பைத்தொட்டியைக் கிளற வேண்டியதாயிற்று. முன்பு பெட்டியில் தேடியதை இப்போது தொட்டியில் தேடினார். அதுதான் முன்னேற்றம்.

'கைப்பிடி ரெண்டு பக்கமும் வேணும்' என்று ஒருவர் அங்கே கிடந்தார். 'நீலக் கலர்ல பத்து கிடைக்குமா, அவசரம்' என்று இன்னொருவர். பத்து லிஃப்ட் வாங்குகிற மனுஷன் இப்படியா எழுதுவான் என்று எரிச்சலோடு அழித்தார்.

வியாழக்கிழமை சாயந்திரம் பொறுமை போய்விட்டது. வேரோடு பிடுங்குவது என்று உட்கார்ந்து, ஒவ்வொரு தளத்திலும் 'கணக்கை நிரந்தரமாக மூடு' என்ற இடத்தைத் தேடிப்பிடித்தார். தளங்கள் கெஞ்சின. 'உங்களை இத்தனை பேர் தேடுவார்களே' என்றன. 'உங்கள் படங்கள் எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா' என்றன.

லிஃப்ட் கதவை நினைத்தபோது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் கனத்தது. எத்தனை பேர் நேசித்த கதவு. ஆனால் பதவி என்று வந்தால் சில தியாகங்கள் செய்யத்தான் வேண்டும். 'சரி' என்று தட்டினார். மூன்று தளத்திலும் தட்டினார். கையோடு குப்பைத்தொட்டியையும் காலி செய்தார்.

மெயில்கள் நின்றன. உள்ளறையில் தையல் மிஷின் சத்தமும் நின்றிருந்தது. அறிவிப்புகள் ஒழிந்தால் வீடே எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்று வியந்தார்.

மனைவி போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே வந்தாள். "வாலு எப்ப வருவா? என் போன்ல என்னமோ ஆயிடுச்சு. ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது."

"நல்லதுதான். எந்நேரமும் போனையே பாத்துட்டிருந்தா அப்படித்தான். என்னப் பாரு, எல்லாத்தையும் விட்டுட்டேன். மனசு எப்படி லேசா இருக்கு தெரியுமா?"

மனைவி அவரைப் பார்த்தாள். மறுபடி போனைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை லேசாக இருந்த மனசு, அதன்பிறகு பாறாங்கல் ஆனது. பெட்டியில் ஒன்றும் இல்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தார். பார்த்துப் பார்த்து, கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண் எடுத்தாள்.

"புதன்கிழமையே அனுப்பியாச்சே சார். மத்த எல்லாரும் பதில் போட்டுட்டாங்க. உங்களுக்குத்தான் வெயிட்டிங்."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த மெயில் எப்படிம்மா ஆரம்பிக்கும்?"

"'உங்கள் விண்ணப்பம்'னு."

ஸ்டோர்கீப்பர் எதிரில் இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு கம்பிக்கயிறாவது பயன்பட்டிருக்கும்.

"மறுபடி ஒரு தடவ அனுப்ப முடியுமா?" என்றார். வடிகட்டியை அவசரமாக எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அனுப்பிட்டேன் சார்."

"வரலையே."

"எங்க பக்கத்துல போயிடுச்சுன்னு காட்டுது."

"சரிம்மா, இப்பவே வாயால சொல்றேன். வர்றேன்."

"வாயால சொன்னா செல்லாது சார். அதே முகவரியிலேருந்து மெயில்தான் வரணும். அஞ்சு மணிக்குள்ள."

பெட்டியில் பார்த்தார், இல்லை. தொட்டியில் பார்த்தார், அங்கேயும் இல்லை. வடிகட்டியை எடுத்த பிறகும் வராமல் அது எங்கேதான் போய் ஒளிகிறது என்று புரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் மற்றவர்கள் மாட்டிக்கொண்ட லிஃப்டுகளைத் திறந்துவிட்டவர், இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். இந்த வாய்ப்பு போனால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஓய்வு பெறும் வரை கிரீஸ் வாசனைதான்.

நாலே முக்கால் மணிக்கு வாலு வார விடுமுறைக்காக விடுதியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மெயில் தொலைஞ்சு போச்சு. கண்டுபிடிச்சுக் குடு. அஞ்சு மணிக்குள்ள."

"வாலு, என் போனையும் கொஞ்சம் பாருடி" என்றாள் மனைவி, கழுத்தில் இஞ்ச் டேப்போடு பின்னால் வந்து நின்று. அவள் முகம் வாடியிருந்தது. "நேத்திலேருந்து ஒருத்தர்கூடக் கேக்கல."

"முதல்ல என் வேலை முடியட்டும். இது வாழ்க்கைப் பிரச்சனை."

வாலு திரையைப் பார்த்தாள். முகப்பைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மூலையில் எதையோ தட்டினாள். வேறு ஒரு பெட்டி திறந்தது. உள்ளே இரண்டே இரண்டு மெயில்கள். இரண்டும் திறக்கப்படாதவை. இரண்டும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவை.

சூப்பர்வைசர் நாற்காலியின் மேல் பாய்ந்து, மகளின் தோள் வழியாகவே 'வருகிறேன்' என்று அடித்து அனுப்பினார். மணி ஐந்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். போன உயிர் வந்ததும் கூடவே பெருமையும் வந்துவிட்டது.

"பாத்தியா, பெட்டி எவ்வளவு சுத்தமா இருக்கு. ஒரு அறிவிப்பு கிடையாது. எல்லாம் நான் ஒரு வாரமா உக்காந்து ஒழிச்சது."

வாலு அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, உங்க மெயிலுக்கு இந்த ரெண்டத் தவிர இதுவரைக்கும் யாரும் எதுவும் அனுப்பினதே இல்ல, நீங்க ஒரு வாரமா உக்காந்து ஒழிச்சது அம்மா துணிப்பை விக்கிற கடைய."