அலையானந்தாவின் ஊமைப் பேய்

உடுப்பிட்டியில் பேய்களுக்குப் பெரும் பஞ்சம் வந்துவிட்டது. ஊரில் இருந்த அத்தனை பேயையும் அலையானந்தா சுவாமி ஒரே மாதத்தில் பிடித்து முடித்துவிட்டார். இப்போது பக்கத்து வலிகாமத்துப் பேய்கள் வாடகை வான் பிடித்து வந்து வரிசையில் நிற்கின்றன.

நம்ப மாட்டீர்களா? மூடிக் கிடந்த ரியூசன் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்கே வாசலில் நூறு சோடிச் செருப்பு. போன வருடம் வரை பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த கரும்பலகைக்கு முன்னால்தான் சுவாமி உட்கார்ந்திருக்கிறார். கரும்பலகைக்கு வாய் இல்லை. இருந்திருந்தால் அழுதிருக்கும்.

சுவாமி கனடாவிலிருந்து வந்தவர். அங்கே என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. கனடாவிலிருந்து வந்தவரை அப்படியெல்லாம் கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. கையோடு ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். தீப்பெட்டி அளவு. பின்பக்கம் ஒட்டும். முன்னங்கையில் ஒட்டினால் மேசையில் இருக்கும் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். கருவிக்கும் திரைக்கும் இடையில் வயர் கிடையாது.

"வயரே இல்லையாம்!" என்று சனம் வாயைப் பிளந்தது. பிளந்தவர்களில் பாதிப் பேர், மொன்றியலில் இருக்கும் மகளின் முகத்தைக் கைபேசியில் பார்த்துக் கதைத்தபடியேதான் பிளந்தார்கள்.

வைத்தியம் இப்படி நடக்கும். சுவாமி கருவியை ஒட்டுவார். ஐந்து கிலோ பித்தளைச் சூலத்தைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்வார். கோடு எகிறும். "பார், பேய் ஆடுது!" என்பார். சூலத்தை வாங்கி வைத்துவிட்டுத் தாயத்துக் கட்டுவார். கோடு படுத்துவிடும். "பேய் போயிட்டுது!" என்பார். தட்டில் நோட்டு விழும். இது ஒருவருக்குக்கூடத் தவறியதில்லை. பேய் இல்லாத மனிதர் ஒருவரை சுவாமி இன்னும் சந்திக்கவே இல்லை.

பரமலிங்கத்துக்கு மட்டும் கோடு ஆடவில்லை. அவர் உடுவிலில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். மூன்று மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கையால் சூலத்தைப் பிடிக்க முடியவில்லை. கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது. பேய் இல்லையென்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

"இது ஊமைப் பேய். எல்லாத்திலையும் பொல்லாதது. நாப்பத்தொரு நாள் கையை அசைக்கக் கூடாது. அசைச்சால் நெஞ்சுக்கு ஏறும்" என்றார் சுவாமி.

மனைவி நல்லம்மா பயந்துபோய், மஞ்சள் துணியால் அவர் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

இந்தச் செய்தி தக்சாயினியின் காதுக்கு எட்டியது. ஆசுபத்திரியில் பரமலிங்கத்துக்குக் கைப்பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ற் அவள். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவருடைய சுண்டுவிரல் ஒரு தடவை துடித்திருந்தது. இந்த நேரத்தில் பயிற்சியை விட்டால் கை திரும்பி வராமலே போகலாம். நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"துணியை அவிழுங்கோ அம்மா. கை போயிடும்."

"நீ படிச்சனி பிள்ளை, ஓம். ஆனால் சுவாமிக்குத் திரையிலை தெரியுதெல்லோ?"

"அப்ப நானும் வாறன். எனக்கும் என்ன தெரியுதெண்டு பாப்பம்."

கை கட்டப்பட்ட ஒன்பதாம் நாள், மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். தக்சாயினியின் முறை வந்தது. கருவி ஒட்டியாயிற்று. சூலத்தைப் பிடித்தாள். கோடு துள்ளியது.

"ஐயையோ, ரெண்டு பேய்!" என்றார் சுவாமி. படித்த பெண் அல்லவா, ஒன்று அதிகம்.

சூலத்தை வாங்கி வைத்துவிட்டுத் தாயத்துக் கட்டினார். கோடு படுத்தது.

"போயிட்டுதோ சுவாமி?"

"ஏழு தலைமுறைக்கு இந்தப் பக்கம் வராது."

தக்சாயினி கருவியைக் கழற்றவில்லை. நல்லம்மா காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காயை அதே கையால் தூக்கினாள். கோடு துள்ளியது.

"ஏழு தலைமுறையும் கெதியா முடிஞ்சிட்டுதே, சுவாமி!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமி அசரவில்லை. "அது உன்னை விட்டுட்டுப் பூசணிக்காய்க்குள்ளை பாஞ்சிட்டுது" என்றார்.

பூசணிக்காயை வைத்தாள். தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கினாள். துள்ளியது.

"கதிரைக்குள்ளையுமோ?"

"ஓம்."

"தண்ணிக் கானுக்குள்ளை?" என்று அதையும் தூக்கினாள்.

"அதுக்குள்ளையும்தான்!"

குருநகரிலிருந்து தோள் நோவுக்கு வந்திருந்த மீனவர் கிறகோரிக்கு அடக்க முடியவில்லை. "அப்ப நான் வலை இழுக்கேக்கை எனக்குள்ளை ஒரு திருவிழாவே நடக்கும் போலை!"

கொட்டகை குலுங்கியது. தக்சாயினி உரத்துச் சொன்னாள்: "இது பேய் பாக்கிற சாமான் இல்லை. தசை வேலை செய்யேக்கை அதிலை சின்னதா மின்சாரம் உண்டாகும். அதைத்தான் இது காட்டுது. இறுக்கினால் ஆடும். தளர்த்தினால் படுக்கும். அவ்வளவுதான்."

உண்மையைச் சொன்னவுடன் நம்பிவிட நாங்கள் என்ன அவ்வளவு லேசான ஆட்களா? பாதிச் சனம் சுவாமியின் முகத்தைப் பார்த்தது. அப்போதுதான் நல்லம்மா எழுந்தார். அவருக்கு மெய்யாகவே ஒரு கவலை வந்துவிட்டது.

"சுவாமி, இத்தினை பேயைப் பிடிச்சனீங்கள். ஒண்டாவது உங்களிலை ஒட்டியிருக்காதோ? உங்களுக்கு ஏதும் நடந்தால் எங்கடை ஆளுக்கு ஆர் இருக்கினம்? ஒருக்கா உங்களுக்கும் ஒட்டிப் பாப்பம்."

"எனக்கு வேண்டாம் அம்மா. நான் சுத்தமான ஆள்."

"சுத்தமெண்டால் ஆடாதுதானே? பயப்பிடாதேங்கோ."

அடியாருடைய அன்புக்கு முன்னால் எந்தச் சுவாமி என்ன செய்ய முடியும்? கிறகோரி அவருடைய தோளைப் பாசத்தோடு அமுக்கிப் பிடித்தார். நல்லம்மா பக்தியோடு கருவியை ஒட்டி, சூலத்தைக் கையில் கொடுத்தார்.

கோடு திரையின் கூரையில் போய் முட்டியது.

சுவாமி பதறிச் சூலத்தை இறக்கினார். கோடு படுத்தது. "தூக்குங்கோ!" என்று சனம் கத்தியது. தூக்கினார், ஆடியது. "இறக்குங்கோ!" இறக்கினார், படுத்தது. தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களில் பலருடைய கையில் அவர் கட்டிய தாயத்து இருந்தது. அதையும் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார்கள்.

நல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். கணவரின் நெஞ்சில் கிடந்த மஞ்சள் கட்டைப் பார்த்தார்.

"அப்ப இவரின்ரை கையை ஏன் கட்டச் சொன்னனீர்? ஒம்பது நாள்!"

"நீங்கள்" போய் "நீர்" வந்துவிட்டது. இனி நின்றால் "நீ" வரும், அதற்குப் பிறகு செருப்பு வரும் என்று சுவாமிக்குத் தெரிந்தது. இந்த ஒரு சோதிடம் மட்டும் அவருக்குப் பலித்தது. வாசலுக்கு நழுவினார்.

"நில்லும். கையிலை கிடக்கிறதைக் கழட்டி வைச்சிட்டுப் போம். எங்கடை ஆளுக்கு வேணும்" என்றார் நல்லம்மா.

மஞ்சள் துணியை நல்லம்மாவே அவிழ்த்தார். தக்சாயினி, சுவாமி கழற்றி வைத்த கருவியைத் துடைத்துப் பரமலிங்கத்தின் கையில் ஒட்டினாள்.

"ஐயா, வெங்காயம் பிடுங்கிற மாதிரி விரலை மடக்கப் பாருங்கோ."

விரல் அசையவில்லை. கோடும் அசையவில்லை. பரமலிங்கத்தின் நெற்றி வியர்த்தது. ஒன்பது நாளில் எல்லாம் போய்விட்டதோ என்று தக்சாயினிக்கே சந்தேகம் வந்தது.

"இன்னொருக்கா ஐயா."

படுத்துக் கிடந்த கோட்டில் ஒரு சின்ன மேடு எழுந்தது. எறும்புப் புற்று அளவுதான்.

பரமலிங்கம் குழறிக் குழறிக் கேட்டார்: "உது... பேயோ?"

"இல்லை ஐயா. உது நீங்கள்."

அவர் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. மறுபடி முயன்றார். மறுபடி ஒரு மேடு. நூறு சோடிச் செருப்புக்காரரும் கைதட்டினார்கள். நல்லம்மா மஞ்சள் துணியால் கண்ணைத் துடைத்தார். அந்தத் துணி ஒன்பது நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அலையானந்தா மத்தியானத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் வருவார். காவி கட்டித்தான் வருவார் என்றில்லை. கையில் புதுக் கருவி இருக்கும், வயர் இருக்காது. வரட்டும். வரிசையில் நிற்க ஆசையாக இருந்தால் நில்லுங்கள், யார் தடுத்தது? உங்கள் கையை நீட்டுவதற்கு முன், முதலில் அவர் கையில் ஒட்டிப் பாருங்கள்.