சீரியம் கட்டிய வேடம்

மனிதகுலத்தின் அடுத்த ஒரு லட்சம் ஆண்டுப் பாதுகாப்பு என் சட்டைப் பையில் இருக்கிறது. மிகையில்லை. அது பொத்தானை விடச் சற்றே பெரிய பீங்கான் வில்லை. அணுக்கழிவிலுள்ள புளுட்டோனியத்தை இப்படி வில்லைகளுக்குள் பூட்டி மலையடியில் புதைத்துவிட்டால் அது வெளியே வராது. வராது என்று நிரூபிப்பதே என் உத்தியோகம்.

அசல் புளுட்டோனியத்தைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆகவே அதன் வேடத்தைச் சீரியம் என்கிற சாதுவான உலோகம் கட்டும். புலி வேஷக்காரனை உள்ளே அடைத்துப் பார்த்துவிட்டுக் கூண்டு பலமானது என்று சொல்வதற்கு எங்கள் துறையில் ‘ஆய்வு’ என்று பெயர்.

இம்முறை ஒரு சிறு சிக்கல் நேர்ந்தது. ஒரே பொடியில் அழுத்திய இரண்டு வில்லைகளை இரண்டு உலைகளில் சுட்டேன். காற்றோட்டமுள்ள உலையில் வெந்தது வெளிர் மஞ்சள். காற்றில்லாத உலையில் வெந்தது கருப்பு. காற்று குறைந்ததும் சீரியம் தன் மின்னேற்றத்தை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்துக்கொண்டு, பீங்கானுக்குள் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அசலும் இதே அளவு மாறுமா? எனக்குத் தெரியாது. சீரியத்துக்கும் தெரியாது.

தெரியாது என்று சொல்லிவிடும் வீராவேசத்தோடுதான் கூட்டத்துக்குப் போனேன். இயக்குநரின் அறையில் ஜன்னல்கள் திறப்பதில்லை.

“ரெண்டும் ஏன் வேற வேற கலர்ல இருக்கு?” என்றார்.

“சீரியம் சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி மாறிக்குது சார். இதை வச்சு அசலைப் பத்தி...”

“அடுத்த வாரம் குழி தோண்டறாங்க. உங்க பதவி உயர்வு ஃபைலும் என்கிட்டதான் இருக்கு. இப்பச் சொல்லுங்க, மாறுதா?”

“மாறலை சார்.”

“அப்ப இந்தக் கருப்பு?”

“நிழல் சார்.”

நிழல்தான் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. மஞ்சள் வில்லை கண்ணாடிப் பேழைக்குப் போனது, கருப்பு என் பைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். காற்று குறைந்தால் மாறுவது சீரியம் மட்டுமல்ல என்ற கண்டுபிடிப்பை மட்டும் நான் பிரசுரிக்கவில்லை.

குழி தோண்டும் செய்தி பேப்பரில் வந்த அன்று மனைவி கேட்டாள்.

“எங்க அப்பா வீட்டுக் கிணத்துக்கு மேல ஒரு மலை இருக்கே, அதுலயா தோண்டறாங்க?”

உடனே மாமனாருக்கு போன் போட்டேன்.

“மாமா, இங்க வந்து இருங்களேன்.”

“எதுக்கு மாப்பிள்ளை? ஊர்ல எல்லாரும் பயந்துபோய்க் கிளம்பறேன்னாங்க. கையெழுத்துப் போட்டதே என் மாப்பிள்ளைதான்னு சொன்னேன். இப்ப ஒருத்தரும் அசையலை.”

“அதுக்கில்ல மாமா. சும்மா, ஒரு மாறுதலுக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

ஒரு லட்சம் வருஷம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: “அப்பாவுக்கு நம்ம வீடு இருக்கு. அவர் பேச்சை நம்பி அங்கேயே இருக்கிறவங்களுக்கு?”

அருமையான கேள்வி. அதை ஆராயத் துணைக்குழு அமைத்தாயிற்று. தலைவர், பதவி உயர்வு பெற்ற அடியேன். அந்த ஊருக்குப் போவது ஆபத்து என்பதால், ஊர்மக்களுக்குப் பதிலாக என் வீட்டில் தங்கியிருக்கும் மாமனாரையே பரிசோதிக்கிறோம்.

முதல் அறிக்கை தயார்: ஊர்மக்கள் நலம்.